பெரியம்மாவின் பிடியரிசி

சட்டிக்குள் போன கை திரும்பி வரும்போது ஒரு பிடி அரிசியோடு வந்தது. கனடாவில், வாட்டர்லூவில், அண்ணாவின் மகள் வீட்டுக் குசினி. றைஸ் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கோப்பையால் அளந்து போட்டாயிற்று, இனிக் கழுவ வேண்டியதுதான். அதற்குள் என் வலது கை என்னைக் கேட்காமலே அளந்ததில் ஒரு பிடியை எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிறது. போடுவதற்கு ரின் இல்லை.

"என்ன மாமி, அரிசி கூடிப்போச்சே?" என்றாள் மருமகள்.

"ஓம் பிள்ளை, கொஞ்சம் கூடித்தான் போச்சு" என்று சொல்லி, எடுத்ததை அரிசிப் பைக்குள் திரும்பப் போட்டேன். பெரியம்மா பார்த்திருந்தால் அன்றிரவு எனக்கு நித்திரை கிடைத்திராது. எடுத்த பிடியைத் திரும்பப் போடுவது அவவின் வீட்டில் நடக்காத காரியம்.

அன்று காலைதான் செயின்ற் ஜேக்கப்ஸ் சந்தைக்குப் போய் வந்திருந்தோம். சந்தைக்கு ஒரு புறமாகக் குதிரை வண்டிகள் நின்றன. கறுப்புத் தொப்பி போட்ட ஆண்கள். கழுத்து மூடிய நீளச் சட்டையும் தலையில் வெள்ளைத் துணிக் குல்லாவும் போட்ட பெண்கள். அதில் வயதான ஒருத்தி போஞ்சிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தா. காதில், கழுத்தில், கையில் ஒன்றுமில்லை. நிறுத்து முடித்து, கணக்கை ஒரு சின்னக் கொப்பியில் பென்சிலால் எழுதி, பென்சிலைக் குல்லாவுக்குள் செருகிக்கொண்டா.

"உவையள் மெனோனைற் ஆக்கள் மாமி" என்றாள் மருமகள். "உவையிலயும் பழைய பிரிவு. காரும் வைச்சிருக்கமாட்டினம். வீடும் கோயிலும்தான் உலகம். பட்டாளத்துக்கும் போகமாட்டினம்."

வீடு வரும்வரை காரில் அந்தக் கதைதான். மெனோ சைமன்ஸ் என்ற ஒல்லாந்துப் பாதிரியார் 1536-ல் கத்தோலிக்க சபையை விட்டு வெளியேறி, வளர்ந்தவர்களுக்குத்தான் ஞானஸ்நானம், ஆயுதம் தொடக்கூடாது என்று நின்ற கூட்டத்தோடு சேர்ந்தார். அவரின் பெயரே சபைக்கு வந்தது. அதற்காகக் கட்டி எரித்தார்கள், தண்ணீரில் அமிழ்த்தினார்கள். ஒல்லாந்திலிருந்து பிரஷ்யா, அங்கிருந்து உக்ரேன், அமெரிக்கா, கனடா என்று பரம்பரை பரம்பரையாக இடம்பெயர்ந்த சனம். 1920-ல் உக்ரேனிலும் ரஷ்யாவிலும் பட்டினி கிடந்த தங்கள் ஆட்களுக்குச் சாப்பாடு அனுப்பத் தொடங்கிய நிவாரணக் குழு இன்றும் இயங்குகிறது. வியட்நாம் பக்கத்துப் படகு அகதிகள் வந்த நேரம், அகதிகளைச் சபைகளே பொறுப்பெடுக்கலாம் என்று 1979-ல் கனடா அரசோடு முதலில் கையெழுத்து வைத்ததும் இவர்கள்தானாம்.

வன்னியில் நான் இருந்த காலத்தில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதேயில்லை. ஆனால் குல்லாவுக்குள் பென்சிலைச் செருகிய அந்த மனுசியைக் கண்டதும் எனக்குக் கிளிநொச்சிதான் ஞாபகம் வந்தது. பெரியம்மா பென்சிலைக் கொண்டைக்குள் செருகுவா.

அம்மாவின் மூத்த சகோதரி அவ. உடுவில் மகளிர் கல்லூரியில் விடுதியில் நின்று படித்தவ. 1816-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனறிமார் 1824-ல் தொடங்கிய பள்ளிக்கூடம் அது. அங்கே கற்ற மூன்று காரியங்களைச் சாகும்வரை விடவில்லை: கணக்கெழுதுவது, ஓய்வுநாள் அனுசரிப்பது, வெள்ளைக்காரத் துரைச்சாணி ஒருத்தியின் உச்சரிப்பில் நாலைந்து ஆங்கிலச் சொல். கலியாணம் முடித்த கையோடு பெரியப்பாவுக்குக் கிளிநொச்சியில் குடியேற்றக் காணி கிடைத்தது. இரணைமடுத் தண்ணி பாயும் வாய்க்காலுக்குப் பக்கத்தில் வயலும் மேட்டுக்காணியும். "காட்டுக்கெல்லோ போறாள்" என்று அம்மம்மா அழுதாவாம். யானை, பாம்பு, மலேரியா. அதுபோக, கோயில் இல்லாத ஊர் என்ற கவலை வேறு.

கோயில் இல்லாவிட்டால் கட்டுவோம் என்று போனவர்கள் ஏழெட்டுக் குடும்பம். நான் பள்ளி விடுமுறைக்கு யாழ்தேவி ஏறிப் போகத் தொடங்கிய காலத்தில், அரைச்சுவரும் கிடுகுக் கூரையுமாக அது எழும்பி நின்றது. உள்ளே நாலு வாங்கு, ஒரு மேசை, சுவரில் மரச்சிலுவை. வேறொன்றுமில்லை. அமெரிக்க மிசன் வழி வந்த சபைகள் 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனமாகிவிட்டன என்றாலும், பெரியம்மாவுக்கு அது கடைசிவரை "எங்கட மிசன் கோயில்"தான். போதகர் யாழ்ப்பாணத்திலிருந்தோ பரந்தன் பக்கத்திலிருந்தோ வரவேண்டும். மழை பெய்தால் வரமாட்டார். வராத ஞாயிறில் பெரியப்பா வேதம் வாசிப்பார், பெரியம்மா கீர்த்தனை எடுத்துக் கொடுப்பா. பிரசங்கம் ஒருவரும் செய்வதில்லை. அதனால் அந்த ஞாயிறுகள் எங்களுக்கு நல்ல ஞாயிறுகள்.

பிடியரிசி என்பது யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு காலம் பரவலாக இருந்த வழக்கம். உலை வைக்க அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியே போட்டுவிட வேண்டும். மாதக் கடைசியில் கோயிலுக்கு. காசு புழங்காத வீடுகளில் பெண்களின் கையில் இருந்த ஒரே செல்வம் அரிசிதானே. யாழ்ப்பாணத்துச் சபைகள் 1900 அளவிலேயே கடல் கடந்து தொண்டிக்கு ஊழியரை அனுப்பியிருக்கின்றன. 1902-ல் யாழ்ப்பாணம் வந்த அசரியா என்ற திருநெல்வேலி இளைஞர், இங்குள்ளவர்கள் வெள்ளைக்காரனின் காசை நம்பாமல் மிசன் நடத்துவதைக் கண்டு வெட்கப்பட்டு, ஊருக்குப் போய் 1903-ல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்க முன்னின்றார். பின்னாளில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனவர் அவர். போதகர் ஒருவர் இதைப் பிரசங்கத்தில் சொன்னபோது பெரியம்மா என் காதுக்குள், "அந்தக் காசு ஆரின்ர அடுப்படியில இருந்து வந்ததெண்டு சொல்லுறாரில்லை, பார்" என்றா.

முதலில் ஓலைப்பெட்டிதான் வைத்திருந்தாவாம். எலி அரித்துவிட்டது. நான் கண்டது மலிபன் பிஸ்கற் சதுர ரின். மூடியில் இருந்த படம் தேய்ந்து, மூலையில் கொஞ்சம் சிவப்பு மட்டும் மிச்சம். அடுப்படியில், உப்புப் பானைக்கும் சுவருக்கும் நடுவில் அதற்கொரு இடம். பிடி எடுப்பதற்கும் ஒரு முறை இருந்தது. கை நிறைய அள்ளி, விரலைக் கவிழ்க்காமல் மூடி, சட்டிக்கு மேலே ஒருதரம் உலுப்பவேண்டும். சிந்துவது வீட்டுக்கு, நிற்பது கோயிலுக்கு. எங்கள் கை சின்னதாக இருந்ததால் நாங்கள் போட அவவுக்கு விருப்பமில்லை. "உன்ர பிடி கோழிக்குத்தான் காணும், தள்ளு."

ஞாயிற்றுக்கிழமை அடுப்பு மூட்டுவதில்லை. சனி பின்னேரமே சோறு வடித்துத் தண்ணீர் ஊற்றி, மீன் குழம்பைச் சுண்டவைத்துவிடுவா. அப்படியென்றால் ஞாயிற்றுப் பிடி? அதைச் சனிக்கிழமையே போட்டுவிடுவா. சனியில் இரண்டு பிடி. பெரியப்பாவுக்கு இதுதான் பொறுக்காது. "அடுப்பு மூட்டாத நாளுக்கும் வரியோ?" என்பார். அவ பதில் சொல்வதில்லை. வளவில் ஐந்தாவது தென்னை கோயில் தென்னை. அதில் விழுந்த தேங்காயைப் பெரியப்பா ஒருநாள் கறிக்கு உடைத்தார் என்று, அன்றைய கறியை அவ வாயில் வைக்கவில்லை. பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். பிள்ளைகள் படம் பார்க்கக் கூடாது, சீட்டாடக் கூடாது. மூத்த மகள் மேடை நாடகத்தில் ராணி வேஷம் போட இருந்ததை ஒற்றைச் சொல்லில் நிறுத்தினா. அக்கா அதை இன்றுவரை மறக்கவில்லை. பெரியம்மாவின் பக்கம் நின்றுதான் நானும் இதை எழுதுகிறேன். பக்தியுள்ள தாய்மாரைப் பற்றி எழுதுகிறவர்கள் பிள்ளைகளிடமும் ஒரு சொல் கேட்டுவிட்டு எழுதலாம்.

அவவின் உடம்பில் இருந்த ஒரே பொன் தாலி. திறந்த வேதப்புத்தகம்போல் செய்த தாலி. தோட்டத்தில் நிற்கும்போது அதைச் சட்டைக்குள் விட்டுக்கொள்வா. வெள்ளையில் சின்னக் கரை போட்ட நூல் சேலை, கொண்டை, கொண்டைக்குள் பென்சில். மொனிற்றர் கொப்பி ஒன்றில் எந்த வீடு எத்தனை சுண்டு தந்தது என்று மாதவாரியாக எழுதியிருப்பா. தராத வீட்டுக்கு நேரே ஒரு புள்ளி மட்டும். மாதர் சங்கத்துப் பெண்களுக்கு அந்தப் புள்ளியில் இருந்த பயம் போதகரிடம் இருந்ததில்லை.

மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிய மரநிழலில் ஏலம். எட்டுப் பத்து வீட்டு அரிசி ஒரே சாக்கில் சேர்ந்தால் எப்படியிருக்கும்? மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள், சம்பா, கூப்பன் அரிசி, புழுங்கல், பச்சை எல்லாம் ஒன்றாய்க் கிடக்கும். உலையில் போட்டால் ஒன்று குழையும்போது மற்றது விறைத்துக்கொண்டு நிற்கும். சோற்றுக்கு ஆகாது, கஞ்சிக்கு ஆகும், கோழிக்கு ஆகும். ஆனாலும் ஏலம் ஏறும். வாலிபர் சங்கச் செயலாளர் "ஒருதரம்... ரெண்டுதரம்..." என்று இழுக்க, மிளகாய் விற்றுக் கையில் காசு கண்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஏற்றுவார்கள். எழுபதுகளில், வெளிநாட்டுச் செத்தல் மிளகாயும் வெங்காயமும் வராமல் மறித்திருந்த அந்த ஏழு வருசம், விசுவமடு, வட்டக்கச்சி, முத்தையன்கட்டுப் பக்கமெல்லாம் காசு புரண்ட காலம். கடையில் வாங்கும் நல்ல சம்பாவை விடக் கூட விலைக்குப் போயிருக்கிறது எங்கள் கலப்பு அரிசி.

1977 ஓகஸ்டில் அந்தச் சாக்கு ஏலத்துக்குப் போகவில்லை.

கலவரத்தில் அடிபட்டு, தோட்டங்களை விட்டு ஓடிவந்த மலையகச் சனம் லொறி லொறியாக வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்திறங்கியது. டேவிட் ஐயாவும் டொக்டர் ராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் அமைப்பு அவர்களைக் காணிகளில் இருத்தத் தொடங்கியிருந்த நேரம். (ராஜசுந்தரத்தை 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் வைத்துக் கொன்றார்கள்.) எங்கள் கோயிலிலும் ஐந்தாறு குடும்பங்கள் வந்து படுத்தன. வாங்குகளைச் சேர்த்துப் போட்டுப் பிள்ளைகளைக் கிடத்தியிருந்தார்கள். பெரியம்மா வீட்டுக்கு வந்து, என்னையும் அக்காவையும் கூட்டிக்கொண்டுபோய், ஏலத்துக்கு வைத்திருந்த சாக்கை அவிழ்த்துக் கிடாரத்தில் கொட்டினா. அந்த அரிசி கூரைக்கென்று ஒதுக்கியது. கிடுகை எடுத்துவிட்டு அஸ்பெஸ்ரஸ் போடுவதென்று சபைக் கமிற்றி தீர்மானித்து, மாதங்களாகக் காசு சேர்த்துக்கொண்டிருந்தது. கமிற்றியில் அவ இல்லை. பெண்கள் ஒருவரும் இல்லை.

கமிற்றிக்காரர் இருவர் வந்து முற்றத்தில் நின்றார்கள். "கேட்டிருக்கலாம்தானே" என்றார் ஒருவர்.

"கேட்டா நீங்கள் கூட்டம் வைப்பியள் தம்பி. கூரைக்கு அவசரமில்லை. மாரிக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு."

இதை மட்டும் சொல்லிவிட்டு நான் மேலே போனால் கதை அழகாயிருக்கும். ஆனால் அன்றைக்கு அந்தக் கஞ்சியை அவ அவர்களுக்குச் சிரட்டையில்தான் வார்த்தா. வீட்டில் எனாமல் கோப்பைகள் அடுக்காயிருந்தன. கேட்டதற்கு, "சிரட்டை காணும்" என்றா. மலையகத்தார் என்றால் வயல் வேலைக்கு வேண்டும், ஒரே வாங்கில் வேண்டாம் என்று நினைத்த ஊர் எங்கள் ஊர். அவவும் அந்த ஊர்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு பின்னேரம், கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் சிரட்டையைக் கழுவித் திருப்பிக் கொண்டுவந்து திண்ணையில் வைத்து, "இந்தாங்கம்மா, ஒங்க சாமான்" என்றா. மரியாதையாகத்தான் சொன்னா. பெரியம்மா அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய், நெடுநேரம் வெளியே வரவில்லை. அடுத்த நாள் எனாமல் கோப்பைகள் போயின. அதைப்பற்றி அவ யாரோடும் கதைத்ததாக எனக்குத் தெரியாது. அந்தக் கைக்குழந்தைக்காரிதான் பின்னாளில் பெரியம்மாவுக்கு வலதுகை. மொனிற்றர் கொப்பியை வேறொருவர் கையில் அவ கொடுத்ததென்றால் அந்தப் பெண்ணின் கையில்தான்.

அந்த மாரிக்குக் கூரை ஒழுகியது. குடை பிடித்துக்கொண்டு பாட்டுப் படித்தோம்.

இந்திய ராணுவம் வந்திருந்த காலத்தில் நான் கிளிநொச்சியிலேயே படிப்பிக்கத் தொடங்கிவிட்டேன். பெரியம்மா வீட்டில்தான் இருப்பு. ஒரு ஞாயிறு, பாட்டுத் தொடங்கிய பிறகு, வாசலில் ஒரு சிப்பாய். முகத்தைப் பார்த்தால் நாகாலாந்து, மிசோரம் பக்கம் போலிருந்தது. தோளில் துவக்கு. எல்லோர் வாயும் அடைத்துவிட்டது. ஆர்மோனியம் மட்டும் ஒரு கட்டையில் இழுத்துக்கொண்டு நின்றது. பெரியம்மா எழும்பிப் போனா. அவவின் தலை அவன் நெஞ்சு உயரம்.

"கன் அவுட்சைட், பிளீஸ்" என்றா, உடுவில் உச்சரிப்பில்.

அவன் அவவைப் பார்த்தான், வாங்குகளைப் பார்த்தான், சிலுவையைப் பார்த்தான். வெளியே மரத்தடியில் நின்ற கூட்டாளியிடம் துவக்கைக் கொடுத்துவிட்டு வந்து, சப்பாத்தையும் கழற்றி வைத்துவிட்டுக் கடைசி வாங்கில் இருந்தான். நாங்கள் படித்தது பழைய வெள்ளைக்கார மெட்டு. இரண்டாவது சரணத்தில் அவனும் சேர்ந்துகொண்டான், தன் பாஷையில். நல்ல குரல். கடைசியில் பெரியம்மா சனிக்கிழமைச் சோற்றில் ஒரு கோப்பை கொடுத்தா. நின்றுகொண்டே தின்றுவிட்டுப் போனான்.

இரண்டு நாளில் இரவு வேறு ஆட்கள் வந்தார்கள். எங்கள் பெடியள்தான். "ஆமிக்குச் சாப்பாடு குடுத்தனீங்களாம் அம்மா?" என்று கேட்டார்கள். குரலில் மரியாதை இருந்தது. அதுதான் எனக்குப் பயமாயிருந்தது. பெரியம்மா, "ஓம் குடுத்தனான். நீங்கள் ஞாயிறு வந்தால் உங்களுக்கும் இருக்கும். துவக்கு வெளியில" என்றா. அவர்கள் சிரிக்கவில்லை. பேசாமல் போய்விட்டார்கள். அன்றிரவு முழுக்கப் பெரியப்பா திண்ணையிலேயே இருந்தார்.

மெனோனைற் ஆட்கள் பட்டாளத்துக்குப் போகமாட்டார்கள் என்று மருமகள் சொன்னபோது எனக்கு இந்தக் காட்சிதான் வந்தது. பெரியம்மாவுக்கு அது கொள்கை என்று சொல்ல ஏலாது. அப்படி ஒரு புத்தகம் அவ படித்ததில்லை. கோயிலுக்குள் நனைந்த குடையையும் அவ விடமாட்டா.

தொண்ணூறுகளைப் பற்றி வன்னியில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இல்லாதவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, பற்றரி இல்லை. சீனிக்குப் பதில் பனங்கட்டி. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை நனைத்து எரித்த வெளிச்சத்தில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். ரின்னுக்குள் மட்டும் அரிசி விழுந்துகொண்டிருந்தது. பெரியப்பா அந்தக் காலத்தில், மருந்தில்லாத ஒரு சாதாரணக் காய்ச்சலில் போனார். அடுத்த நாள் காலையில் செத்தவீட்டு ஆட்களுக்குச் சமைக்க அரிசி அளந்தபோது, பக்கத்து வீட்டு மனுசி மறந்துவிட்டா. பெரியம்மா மூலையில் இருந்தபடியே, "பிடி எடுத்தனீரே?" என்று கேட்டா.

1996-ல் ராணுவத்தின் சத்ஜய நடவடிக்கை கிளிநொச்சிக்கு வந்தது. ஊர் முழுக்க அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கமாக நடந்தது. சைக்கிள் கரியரில் ஒரு உரைப்பை உடுப்பு, அதன்மேல் மலிபன் ரின், இரண்டையும் சேர்த்து ரியூப்பால் கட்டியிருந்தது. கோயில் மணியைக் கழற்றிக்கொண்டு போக வேண்டுமென்று கமிற்றி பாடுபட்டது. பாரம் தாங்காமல் வழியில் ஒரு கிணற்றுக்குள் இறக்கிவிட்டார்கள். ஸ்கந்தபுரத்தில் பாலைமரத்துக்குக் கீழே தறப்பாள் கட்டி ஆராதனை. வாங்கில்லை, மணியில்லை, போதகருக்கும் மலேரியா. மாதக் கடைசியில் ரின் வந்து நடுவில் வைக்கப்படும். ஏலம் கூற ஆளில்லை, கேட்க ஆளில்லை. கொட்டில் கொட்டிலாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, கொப்பியில் வழக்கம்போல எழுதுவா. புள்ளி போடுவதை மட்டும் அங்கே நிறுத்திவிட்டா.

பிடி சின்னதாகியது. நிவாரண அரிசி ஒரு குடும்பத்துக்கு ஒரு கிழமைக்கே போதாது. உள்ளங்கை நிறைய என்பது மூன்று விரல் நுனி என்றாகியது. "நிவாரணத்திலயும் கடவுளுக்குக் கொமிசனோ மாமி?" என்று அவவின் மருமகன் கேட்டார். பசியில் வந்த கேள்வி, குற்றம் சொல்லமுடியாது.

"கடவுள் சோறு தின்னுறேல்லை. முன் கொட்டிலில நாலு பெட்டைக்குஞ்சு கிடக்கு, அதுகள் தின்னும்."

2002-ல் சண்டை ஓய்ந்து ஏ9 பாதை திறந்தது. ஊருக்குத் திரும்பினோம். கிணற்றுக்குள் போன மணி அங்கேயே இருந்தது. அக்கா வெளிநாட்டிலிருந்து வந்து காஸ் அடுப்பு வாங்கிக் கொடுத்தா; பெரியம்மா அதில் தேத்தண்ணி மட்டும் வைப்பா. நல்ல நாலைந்து வருசம். நல்ல வருசங்களைப் பற்றி எழுத ஏன் எப்போதும் குறைவாகவே இருக்கிறது என்று தெரியவில்லை. கூரைக்கு அஸ்பெஸ்ரஸ் வந்தது அப்போதுதான்.

பிறகு 2008. பரந்தன், தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், மாத்தளன். இந்தப் பெயர்களை இந்த வரிசையில் சொன்னாலே எங்கள் சனத்துக்கு விளங்கும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு சாமானை விட்டோம். கதிரை, பெட்டி, சைக்கிள், கடைசியில் ரின். ரின் போன பிறகு முந்தானை முடிச்சுத்தான். மாத்தளன் மணலில், பங்கருக்கு மேலே, கலங்கல் தண்ணீரில் கஞ்சி காய்ச்சுவதற்கு அரிசி அளந்தபோதும் அவவின் மூன்று விரல் உள்ளே போய் வந்ததை நான் கண்டேன். பேரன் ஒருவன் எங்களோடு வந்து சேரவில்லை. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் முதலில் தந்தது சமைத்த சோறு. வரிசையில் நின்று வாங்கும் சோற்றில் எப்படிப் பிடி எடுப்பது? அவ எடுத்தா. கூடாரத்துக்கு வந்து, மூடியில் ஒரு கவளத்தைத் தள்ளி, பக்கத்துக் கூடாரத்தில் வரிசைக்கு எழும்ப முடியாமல் கிடந்த கிழவனுக்குக் கொடுத்துவிட்டா. அவர் சைவக்காரர், முள்ளியவளைப் பக்கம். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு ஒரு வருசமும் தவறாதவராம். நல்லாய் இருக்கும்போது எங்கள் வீட்டில் பச்சைத்தண்ணியும் குடித்திருக்கமாட்டார் என்று பெரியம்மாவே சொல்லிச் சிரித்தா. உலர் உணவு தரத் தொடங்கியதும், யாரோ எறிந்த பெயின்ற் வாளி ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டா. சபை திரும்பவும் தொடங்கிவிட்டது. போதகர் ஒருவரை உள்ளே விட்டு ஆராதனை நடந்தது அதற்குப் பிறகுதான்.

2010-ல் ஊருக்குத் திரும்பியபோது வீட்டில் கூரையில்லை, கோயிலிலும் இல்லை. இரண்டிலும் சுவர் நின்றது. தகரக் கொட்டிலில் இரண்டு வருசத்துக்கு மேல் இருந்து, ஒரு மாசிப் பனியில், நித்திரையிலேயே போய்விட்டா.

அடக்க ஆராதனையில் வாசிக்க வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தரும்படி போதகர் என்னிடம்தான் கேட்டார். அந்தக் குறிப்புக்கு ஒரு வாய்பாடு உண்டு: பிறந்த ஊர், படித்த பள்ளி, வகித்த பதவிகள், சபைக்கு ஆற்றிய சேவை. பதவிகள் என்ற இடத்தில் எழுத ஒன்றுமில்லை. மாதர் சங்கத்தில்கூட அவ பொருளாளராக இருந்ததில்லை. அரிசிக்குப் பொருளாளர் என்று ஒரு பதவி கிடையாது. சபையின் ஆண்டுவிழா மலரில் வந்த படங்களிலும் தேடினேன். போதகர்மார், கமிற்றி, கூரை போட நன்கொடை தந்த வெளிநாட்டு அன்பர்கள். ஒரு படத்தில் மட்டும், பின்னால், கிடாரத்துக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கும் ஒரு கொண்டை. பென்சில் தெரிந்ததால் அவதான் என்று கண்டேன். எழுதி முடித்தபோது அரைப்பக்கம் வந்தது. அரைப்பக்கத்தை வாசித்தார்கள். பிறகு, அந்த மலையகத்துப் பெண் எழும்பி, ஒருவரும் கேட்காமலே முன்னுக்கு வந்து, "எனக்கு ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கி, நின்று, வார்த்தை வராமல், மொனிற்றர் கொப்பியைப் பெட்டிக்குள் வைக்கப் போனா. "அதை வைக்காதையுங்கோ, கணக்கு முடியேல்லை" என்று யாரோ ஒரு கிழவி சத்தம் போட்டா. செத்தவீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

இப்போது கோயிலுக்குக் கவர்தான். மாதச் சந்தா, வீட்டு இலக்கம் அச்சடித்த வெள்ளைக் கவர். பொருளாளருக்குச் சுகம், வங்கிக்கும் சுகம். அரிசி ஐந்து கிலோ, பத்து கிலோப் பைகளில் சுப்பர்மார்க்கெற்றில் கிடக்கிறது. கிளிநொச்சியில் வயல் வைத்திருப்பவர்களே கடையில் அரிசி வாங்குகிறார்கள். நெல்லைக் களத்து மேட்டிலேயே லொறிக்குக் கொடுத்துவிட்டால் வீட்டுக்கு வருவது காசுதானே. இளம் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள், பலர் ஆடைத் தொழிற்சாலைக்கு. குக்கரில் அரிசியைக் கோப்பையால் அளக்கும்போது கை அரிசியைத் தொடுவதேயில்லை. நான் குறை சொல்லவில்லை. தொட்டால்தான் பக்தி என்று நினைக்கிற வயதுக்காரி நான், அவ்வளவுதான்.

ஆனால் 2022-ல் சாமான் விலை ஏறி, காஸும் இல்லாமல், அரிசி வாங்கவே சனம் யோசித்த மாதங்களில், மாதர் சங்கத்தில் யாரோ பழைய கதையை எடுத்தார்கள். கொப்பி இப்போது அந்த மலையகத்து அக்காவின் மகளிடம் இருக்கிறது. 1977-ல் வாங்கில் கிடத்தியிருந்த கைக்குழந்தை அவதான், இன்று பள்ளிக்கூட அதிபர். ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்து, முதல் மாதம் சேர்ந்ததைச் சாக்கில் கொட்டி எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். சிவப்பு, வெள்ளை, புழுங்கல், கீரிச்சம்பா, அதற்குள் நீளநீளமாகக் கொஞ்சம் பாஸ்மதி.

"ஆரப்பா இந்த விலைக்குப் பாஸ்மதி போட்டது?" என்றா அதிபர், கொப்பியைப் பார்த்துக்கொண்டு.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின் வரிசையில் ஒருத்தி மட்டும், "ரீச்சர், அது லண்டன் காசு வாற வீடு. எழுதிப்போட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுங்கோ" என்றா.